புயலுக்கு அஞ்சாத சிறு பறவை

சிட்டுக்குருவியினும் சற்றே பெரிய உருவம். ஏறக்குறைய ஓர் அவுன்ஸ் நிறை. புகைபடிந்தாற் போன்ற கரிய உடலில், வாலடியில் ஒரு வெண்பட்டை. இத்துணைச் சிறிய உயிரொன்று, மலைபோல் அலையெழும் அத்திலாந்திக் சமுத்திரத்தையே தன் இல்லமாகக் கொண்டு வாழ்கின்றதென்றால் நாம் வியவாதிருத்தல் இயலுமோ? அதுவே புயற்பறவை.

ஆங்கிலத்தில் இதனைப் 'பெட்ரல்' என்பர். நீர்மட்டத்தை ஒட்டிப் பறந்தவாறு, கால்களால் அலையைத் தட்டித் தட்டி இது இரை தேடும் காட்சி, நீரின்மேல் நடப்பது போலத் தோன்றும். ஆதலால், விவிலியத்திலே கடல்மீது நடந்த பேதுருவின் பெயரை ஒட்டி இதற்கு இப்பெயர் வாய்த்தது என்று கூறுவர். இப்பறவை கப்பலைச் சூழ்ந்தால் புயல் வரும் என அக்காலத்து மாலுமிகள் அஞ்சினர். கடல் கொந்தளிக்கும்போது கப்பலின் மறைவை நாடி வந்த பறவைமீது, புயலைக் கொணர்ந்த பழியையும் சுமத்திவிட்டனர்!

மிதந்து திரியும் நுண்ணுயிர்களும் சிறு மீன்களுமே இதன் உணவு. குளிர்காலத்தைத் தென்னாபிரிக்காவை அடுத்த கடலிற் கழித்துவிட்டு, கோடையில் ஐரோப்பியக் கரையோரத் தீவுகளுக்குத் திரும்புகின்றது. இதன் உறவினமாகிய வில்சன் புயற்பறவை, தென்துருவப் பகுதியிலிருந்து புறப்பட்டு நம் இலங்கைக் கடலுக்கும் வந்து செல்வதுண்டு.

இருளே காவல்

கடலில் இத்துணைத் துணிவுடைய பறவை, நிலத்திலோ மிக எளிய பிராணியாகிவிடுகின்றது. நிமிர்ந்து நடக்க மாட்டாத கால்கள், தவழ்ந்துதான் செல்லவேண்டும். பகலில் வந்தால் கடற்காகங்களுக்கு இரையாகிவிடும். எனவே, கூடுகட்டும் காலத்தில் மாத்திரம், அதுவும் இருள் சூழ்ந்தபின்னரே கரையேறுகின்றது. நிலவு மிகுந்த இரவுகளில் வருவனவும் குறைவே.

மண்வளைகளும் கல்லிடுக்குகளும் இதன் உறைவிடம். ஸ்கொத்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் மூசா என்றொரு சிறு தீவு உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் சாந்தின்றிக் கல்லடுக்கிக் கட்டிய வட்டக் கோபுரமொன்று, நாற்பதடிக்கும் மேற்பட்ட உயரத்துடன் இன்றும் அங்கே நிற்கின்றது. கட்டியவர்கள் மறைந்தனர், அதன் சுவரிடுக்குகளில் புயற்பறவைகள் குடியிருக்கின்றன. கோடை இரவிலே அச்சுவர்களுள்ளிருந்து எழும் முணுமுணுப்பைக் கேட்டால், கற்களே பேசுகின்றனவோ என்று தோன்றும்.

ஆண்டுக்கு ஒரு முட்டை

பெட்டை இடுவது ஒரே ஒரு வெள்ளை முட்டை. அதன் நிறையோ தாயின் நிறையில் காற்பங்கு. ஆணும் பெண்ணும் முறைவைத்து நாற்பது நாள் வரையில் அடைகாக்கின்றன. ஒன்று வளையிலிருக்க, மற்றையது சில நாட்கள் கடலில் இரை தேடும். குஞ்சு பொரித்து ஒரு வாரம் கழிந்ததும், பகல் முழுவதும் அதனைத் தனியே விட்டு, இரவில் வந்து எண்ணெய்ச் சத்து நிறைந்த உணவை ஊட்டுகின்றன. தாய் தந்தையரிலும் பருத்துவிடும் அக்குஞ்சு, ஒன்பது பத்து வாரங்களில் ஓரிரவு வளையைவிட்டு வெளியேறி, வழிகாட்டுவாரின்றித் தானே கடலை நோக்கிப் பறந்துவிடும். காலில் வளையமிடப்பட்ட பறவைகள் சில முப்பது ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழ்ந்துள்ளன.

வளைக்குள் வந்த பகை

கடற்காகத்துக்குத் தப்ப வளை போதும், ஆனால் எலிக்கு? வளைக்குள்ளேயே நுழைந்து முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும் எலிக்கு இருளும் தடையன்று. இந்த எலிகளைத் தீவுகளுக்குக் கொண்டு சேர்த்தவை மனிதரின் கப்பல்களே. ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும் இனம் இவ்விழப்பை எங்ஙனம் தாங்கும்?

மனிதர் செய்த தவற்றை மனிதரே திருத்தலாம் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கே சிலித் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த சென்ற் அக்னெஸ் தீவிலும், அதனோடு மணற்றிட்டால் இணைந்த சிறு தீவிலும், 2013 ஆம் ஆண்டு எலியொழிப்பு வேலை தொடங்கியது. நூறு பேருக்கும் குறைந்த அத்தீவு மக்கள், குப்பைகூளங்களை அகற்றியும் வந்துசேரும் படகுகளைக் கண்காணித்தும் ஒத்துழைத்தனர். நெடுங்காலமாக அங்கே குஞ்சு பொரிக்காதிருந்த புயற்பறவைகள், 2015 இலேயே மீண்டும் குஞ்சு பொரித்தன! 2016 இல் அத்தீவுகள் எலியற்றவை என அறிவிக்கப்பட்டன.

பெரும் புயலையும் வென்று வாழும் இச்சிறு பறவை நம்மிடம் வேண்டுவது அதிகமன்று. இருண்ட வளையொன்றில் அமைதியாக ஒரு முட்டையை அடைகாக்க இடம் வேண்டும், அவ்வளவே. அதனைக் கொடுப்பது நமக்கு அரிய காரியமோ?