பழைய கம்ப்யூட்டரும் நம்ம ஊர் துபாஷியும்



நம்மில் பலர் வீட்டில் இருப்பது புத்தம் புதுக் கம்ப்யூட்டர் அல்ல. ஏதோ ஓர் ஆபீசில் ஓரங்கட்டியதாக இருக்கும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பேரம் பேசி வாங்கியதாக இருக்கும். அதில் விண்டோஸ் போட்டால் சத்தம் வராது. சத்தம் வந்தால் நெட் வராது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "போர்டு போச்சு தம்பி, புதுசு வாங்கிடு" என்பார்கள். பல நேரங்களில் போனது போர்டு அல்ல, டிரைவர்!

டிரைவர் என்றால் என்ன? நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் கவர்னர் துய்ப்ளேக்சிடம் தலைமைத் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர். துரைமார் சொல்வதை நம்மவருக்கும், நம்மவர் சொல்வதைத் துரைமாருக்கும் எடுத்துச் சொல்பவர். கம்ப்யூட்டரில் விண்டோஸ்தான் துரை. சவுண்ட் சிப், வைஃபை கார்டு, பிரிண்டர் எல்லாம் ஊர்க்காரர்கள். நடுவில் நிற்கும் துபாஷிதான் டிரைவர். துரை மாறிப் புதியவர் வந்துவிட்டால், பழைய துபாஷிக்கு அவர் மொழி புரியாமல் போகலாம். கார்டு நன்றாக இருந்தும் வேலை செய்யாததற்கு இதுவே காரணம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? வரிசையாகப் போவோம்.

1. தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போகிறதா? போர்டில் உள்ள 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். வெப்சைட் திறக்காது, அப்டேட்டும் வராது. பெரும்பாலான டெஸ்க்டாப்களில் சி.ஆர்.2032 என்ற பேட்டரிதான். மாற்றினால் தீர்ந்தது.

2. ராமைப் பாருங்கள். இன்ஸ்டால் பாதியில் நிற்கிறது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு எர்ரர் வருகிறது என்றால் ராம் மீது சந்தேகப்படலாம். நம்மூர்க் காற்று உப்புக் காற்று ஆச்சே! பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட் இரும்பைத் தொட்டு உடம்பில் உள்ள நிலை மின்சாரத்தை இறக்கிவிட்டு, ராமைக் கழற்றி அதன் மஞ்சள் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டுங்கள்.

3. 32 பிட்டா, 64 பிட்டா? 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது. கையெழுத்தில்லாத டிரைவரையும் 64 பிட் விண்டோஸ் ஏற்காது. அப்போது வருவது கோட் 52.

4. ஹார்டு டிஸ்க் தெரியவில்லையா? பயாஸில் சாட்டா மோடு ஐ.டி.இ.யா, ஏ.எச்.சி.ஐ.யா என்று பாருங்கள். விண்டோஸ் போட்ட பிறகு இதை மாற்றினால், 7பி என்று முடியும் எர்ரரோடு நீலத்திரை வரக்கூடும். பழையபடி மாற்றி வைத்தால் சரியாகிவிடும்.

5. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி. கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. கோட் 10 என்றால் அந்தச் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. பெயர் தெரியாத சாதனமா? பிராப்பர்ட்டீஸில் ஹார்டுவேர் ஐ.டி. பாருங்கள். 8086 என்றால் இன்டெல், 10இ.சி. என்றால் ரியல்டெக், 14இ.4 என்றால் பிராட்காம். கார்டின் ஜாதகமே அதில்தான்!

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அம்மா சீட்டு எடுத்த பணத்தில் வாங்கித் தந்தது ஒரு பழைய லேப்டாப். அதில் வைஃபை வரவில்லை. ஒரு கடையில் போர்டையே மாற்ற வேண்டும் என்று 4,000 ரூபாய் கேட்டார்கள். அம்மா அடுத்த சீட்டைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டார். "ரெண்டு நாள் பொறும்மா" என்று சொல்லி ஹார்டுவேர் ஐ.டி.யைப் பார்த்தேன். 14இ.4 என்று இருந்தது. லேப்டாப் கம்பெனியின் வெப்சைட்டில் விண்டோஸ் 8-க்கு என்று வைத்திருந்த டிரைவர், என் விண்டோஸ் 10-ல் ஒழுங்காக ஏறியது. செலவு? போன் டேட்டா மட்டுமே!

நெட்டே இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது? யு.எஸ்.பி. ஒயரில் போனை மாட்டி டெதரிங் போடுங்கள். முதலில் சிப்செட், அப்புறம் நெட்வொர்க், அதன்பின் டிஸ்பிளே, சவுண்ட் என்று போவது நல்லது. "எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்" என்று கூவி அழைக்கும் சாஃப்ட்வேர் பக்கம் மட்டும் போகாதீர்கள். வைரஸை நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த கதையாகிவிடும்.

இன்னொரு நல்ல சோதனை: லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே அதிலிருந்து பூட் செய்து பாருங்கள். அங்கே சத்தமும் வைஃபையும் வந்துவிட்டால் கார்டு நலம், குறை விண்டோஸ் டிரைவரில்தான் என்று உறுதி. வராவிட்டால் உடனே கார்டைக் குறை சொல்ல வேண்டாம். பிராட்காம் போன்ற சிலவற்றுக்கு லினக்ஸிலும் தனியாக ஃபர்ம்வேர் போட வேண்டியிருக்கும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பழைய கம்ப்யூட்டர் பலவற்றில் அது கிடையாது. அதற்காகக் காயலான் கடையில் போட்டுவிடலாமா? லினக்ஸ் இருக்கிறதே! 2011-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில்கூட, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் சேர்த்தே தரப்பட்டது. பெரும்பாலான டிரைவர்கள் லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்தே வருவதால், பழைய கார்டுகளுக்கு அது பெரிய வரம். மாற்றும் முன் உங்கள் ஃபைல்களையும் போட்டோக்களையும் வேறிடத்தில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களே! டிப்ளமோ சர்டிபிகேட் கைக்கு வர நாளாகும். ஆனால் கோட் 28-க்கு அர்த்தம் தெரிந்தவர், அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெற்றோர் வீணாகக் கடன் வாங்குவதை இன்றைக்கே தடுக்கலாம். வேலை செய்த டிரைவரைப் பென்டிரைவில் பத்திரப்படுத்துங்கள், ஜூனியர்களுக்கும் கொடுங்கள். படித்த படிப்புக்கு அதைவிட என்ன பெருமை வேண்டும்?