எஸ்ஸைத் திருப்பிப் போட்ட எருதுகள்

ஸ்காட்லாந்து மலைச்சரிவு ஒன்றை வானிலிருந்து எடுத்த படத்தை அனுப்பி, ஒரு வாசகர் கேட்கிறார்: "புல்வெளி முழுக்க வரிவரியாக மேடும் பள்ளமும் தெரிகின்றன. நேராகவும் இல்லை, எஸ் எழுத்தைத் திருப்பிப் போட்டதுபோல் நெளிகின்றன. வேற்றுக்கிரகத்தார் வேலை என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?"

மாடுகளின் வேலை ஐயா. வேற்றுக்கிரகத்தாருக்கு ஓட்ஸ் பயிரிடும் அவசியம் இருந்ததாகத் தெரியவில்லை.

முதலில் மேடு. அங்கத்திய உழவர் அதை 'ரிக்' என்பார்கள். நம் கணக்கில் அகலமான பார். நம் நாட்டுக்கலப்பை மண்ணைக் கீறி இரு பக்கமும் ஒதுக்கும். அவர்களுடைய பழைய கலப்பையிலோ வலப்பக்கம் ஒரு பலகை உண்டு. கொழு கிளப்பிய மண்ணை அது எப்போதும் வலது கைப்பக்கமே புரட்டும். ஒரு நடுக்கோட்டை வைத்துக்கொண்டு கடிகார முள் சுற்றும் திசையில் உழுதால், போகும்போதும் சரி, திரும்பும்போதும் சரி, மண் நடுவை நோக்கியே விழும். ஆண்டுதோறும் அதே பாரில் அதே சுற்று. சில தலைமுறைகளில் நடுமுதுகு எழும்பிவிடும், சில இடங்களில் ஒரு மீட்டருக்கும் மேலாக. நசநசவென்று மழை, களிமண், அடியில் வடிகால் குழாய் கிடையாது. தண்ணீர் சாலில் தேங்க, பார்லியும் ஓட்ஸும் முதுகின்மேல் பிழைத்துக்கொள்ளும்.

இனி அந்த நெளிவு. எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

பழைய ஸ்காட்லாந்துக் கலப்பை கனமான மர உருப்படி. அதை இழுக்க எட்டு எருதுகள், சில ஊர்களில் பன்னிரண்டு, சோடி சோடியாக ஒன்றன்முன் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்கும். தேர்த்திருவிழாவில் மாடவீதி முனையை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் இன்னும் முனைக்கு வரவில்லை. வடம் பிடித்தவர்களில் முன்வரிசைக்காரர்களுக்கு வீதி தீர்ந்துபோயிற்று, எதிர்வீட்டுத் திண்ணையில் ஏறி நிற்கிறார்கள். திண்ணையில் நிற்பவரால் எப்படி இழுக்க முடியும்? வயலிலும் இதே சிக்கல்தான். கலப்பை பாரின் கடைசிக்கு வருமுன்பே முன்சோடிக்கு நிலம் முடிந்துவிடும். அதற்கப்பால் அடுத்தவர் பயிர். ஆகவே முனைக்கு முன்பிருந்தே மாடுகளை மெல்ல இடப்பக்கம் சாய்த்து, தலைமாட்டு வரப்பை ஒட்டி நடத்துவார்கள். கலப்பை கடைசி அடிவரை வரும், எல்லா மாடும் இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு வலமாகத் திருப்பி அடுத்த சால். மறுமுனையிலும் இடச்சாய்வு. இரண்டு முனையிலும் உழுபவருக்கு இடப்பக்கம் வளைந்தால், மேலிருந்து பார்ப்பவருக்குக் கிடைப்பது திரும்பிய எஸ். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் மேழி பிடித்தவர் என்றால், முன்னால் நின்று வடக்காரர்களை விரட்டுகிறவர் தார்க்கோல்காரர், அங்கே 'காட்ஸ்மன்'. அவர் சீட்டியடித்தபடி மாடுகளோடு நடப்பாராம். நாதஸ்வரம் யார் என்று கேட்காதீர்கள், இனி இழுத்தால் வடம் அறுந்துவிடும்.

வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெர்விக்‌ஷயரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மால் 1760களில் ஒரு இலகுவான கலப்பையைச் செய்தார். பலகையை மென்மரத்தில் செய்து உழுது, எங்கே தேய்கிறது என்று பார்த்துப் பார்த்து வளைவைத் திருத்தினார். பிறகு இரும்பில் வார்த்தார். இரண்டு குதிரையும் ஒரு ஆளும் போதும் என்றாயிற்று. 'நவீனக் கலப்பையின் தந்தை' என்ற பட்டம் அவருக்குச் சற்றுப் பெரிது. இங்கிலாந்தின் ராதரம் கலப்பைக்கு 1730லேயே காப்புரிமை வாங்கியாயிற்று. ஆனாலும் காப்புரிமை எடுக்காமல், 1784இல் புத்தகமாக எழுதி எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் பட்டத்தை விட்டுவைக்கலாம். குதிரைச் சோடி சின்ன இடத்தில் திரும்பும், பார் நேராயிற்று. 1830களில் டீன்ஸ்டன் ஊர் ஜேம்ஸ் ஸ்மித் நிலத்தடி வடிகாலைப் பரப்பியபின் பாருக்கே வேலை குறைந்தது. சமவெளியில் பலவற்றை உழுது மட்டமாக்கிவிட்டார்கள். மலைச்சரிவுகளில் செம்மறி மேயப்போனதால் கலப்பை திரும்பிவரவில்லை. வாசகர் அனுப்பிய படத்தில் இருப்பது அப்படித் தப்பிய நிலம். குளிர்கால மாலை வெயில் தாழ்வாக விழும்போது நிழல் கட்டித் தெளிவாகத் தெரியும்.

இப்போது விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சித் தரையின் ஏற்ற இறக்கத்தை அளக்கிறார்கள். 'புதைந்த இடைக்கால வயல்கள் கண்டுபிடிப்பு' என்று செய்தி வந்தால் கொஞ்சம் பொறுங்கள். லேசருக்கு மேடு தெரியும், வயது தெரியாது. நெளிவைப் பார்த்ததும் இடைக்காலம் என்று எழுதிவிடுவதும் அவசரம்தான்: குதிரை வந்த பிறகும், ஏற்கெனவே கிடந்த சாலை நிமிர்த்த மெனக்கெடாமல் தாத்தாவின் மாடு போட்ட வளைவிலேயே பேரன் உழுதிருக்கலாம். வயது வேண்டுமென்றால் குழி தோண்டி மண்ணடுக்கைப் பார்க்கவேண்டும்.