கீழே விழ வேண்டிய வெளிச்சம்

மூடுபனிக்குள் ஹைபீமைப் போட்டால் சாலை மறைந்துபோய் எதிரே ஒரு வெள்ளைச் சுவர் எழும். இரவில் மலைப்பாதையில் வண்டி ஓட்டிய யாருக்கும் இது தெரியும். அந்தச் சுவர் நம் விளக்கின் வெளிச்சம்தான். நீர்த்துளிகளில் பட்டுச் சிதறி, அதில் ஒரு பங்கு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. பழைய காருக்கு ஃபாக் லைட்டை மாற்ற நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன் இதை ஒரு முறை யோசித்துக்கொள்ள வேண்டும். எத்தனை வாட், எத்தனை லூமன் என்று கேட்பதைவிட, வெளிச்சம் எங்கே விழும், எங்கே விழாது என்று கேட்பது முக்கியம்.

குன்னூர் பாதையிலும், கொடைக்கானலிலும், வால்பாறை போகும் வழியின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் நாம் சந்திக்கும் மூடுபனி பெரும்பாலும் மேகமேதான். ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் ஏற ஏறக் குளிர்கிறது. அதிலுள்ள நீராவி துளிகளாகிறது. கீழே நிற்பவருக்கு அது மலைமுகட்டில் தங்கிய மேகம், உள்ளே இருப்பவருக்குப் பனிமூட்டம். மார்கழி, தை மாத விடியலில் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்து நெடுஞ்சாலைகளில் இறங்குவது வேறு வகை. இரவெல்லாம் தரை வெப்பத்தை இழக்க, அதை ஒட்டிய காற்று குளிர்ந்து உண்டாவது. எந்த வகையானாலும் துளிகளின் விட்டம் சில மைக்ரோமீட்டரிலிருந்து சில பத்து மைக்ரோமீட்டர் வரை இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரைதான்.

துளி அலைநீளத்தைவிட இவ்வளவு பெரிதாக இருப்பதில் ஒரு விளைவு உண்டு. வானம் நீலமாகத் தெரிவதற்குக் காரணம் காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பது. மூடுபனித் துளிகள் அப்படிப் பாகுபாடு காட்டுவதில்லை. ஜெர்மானிய இயற்பியலாளர் குஸ்டாவ் மீ 1908இல் வகுத்த கணக்கின்படி, இந்த அளவுள்ள துளிகள் நீலம், மஞ்சள், சிவப்பு எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கின்றன. மூடுபனி வெள்ளையாக இருப்பது அதனால்தான். மஞ்சள் விளக்கு பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று மெக்கானிக் கடைகளில் சொல்லப்படுவதற்கு இயற்பியலில் ஆதாரமில்லை.

அதற்காக மஞ்சளை ஒதுக்கிவிடவும் வேண்டாம். பிரான்சில் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை எல்லாக் கார்களுக்கும் மஞ்சள் முகப்பு விளக்குதான் சட்டம். கண்கூச்சத்தைக் குறைப்பது அதன் நோக்கம். நீலப் பகுதியை வடிகட்டிவிட்டால் அதே வெளிச்சம் கண்ணை அவ்வளவாக உறுத்துவதில்லை. நம் விழித்திரையின் நடுக்குழியில், நாம் கூர்ந்து பார்க்கும் அந்தச் சிறு இடத்தில், நீலத்தை உணரும் செல்கள் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே வெளிச்சத்தின் நீலப் பங்கு சாலையின் விவரத்தைக் காட்ட அதிகம் உதவாது, கூச்சத்தை மட்டும் கூட்டும். வடிகட்டியில் கொஞ்சம் வெளிச்சம் வீணாகும் என்பது உண்மை. இருந்தாலும் 6,000 கெல்வின் நீலவெள்ளை விளக்கா, மஞ்சளா என்றால் நான் மஞ்சளைத்தான் சொல்வேன்.

வெளிச்சத்தைக் கூட்டிப் பனியை வெல்ல முடியாது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஹரால்ட் கோஷ்மீடர் 1924இல் தந்த சமன்பாட்டின்படி, ஒரு பொருளுக்கும் பின்புலத்துக்கும் உள்ள வேறுபாடு நூற்றில் இரண்டு பங்காகத் தேயும் தொலைவே பார்வைத்தூரம். நேராகச் செல்லும் ஒளியும் அதே விகிதத்தில் தேய்கிறது. பார்வைத்தூரம் 50 மீட்டர் என்றால், 25 மீட்டர் தள்ளி நிற்கும் மாட்டை நம் விளக்கால் பார்க்க, ஒளி 25 மீட்டர் போய் 25 மீட்டர் திரும்ப வேண்டும். சிதறாமல் அந்தப் பயணத்தை முடிக்கும் ஒளி 2 சதவீதம்தான். விளக்கை இரட்டிப்பாக்கினால் மாட்டிலிருந்து வரும் ஒளி இரட்டிப்பாகும். ஆனால் நடுவிலுள்ள வெண்திரையும் இரட்டிப்பாகும். கண் தேடும் வேறுபாடு இருந்த இடத்திலேயே இருக்கும்.

செய்யக்கூடியது ஒன்றுதான்: பார்வைக்கோட்டில் இருக்கும் பனியின் மேல் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்வது. நல்ல ஃபாக் லைட்டின் வடிவமைப்பு முழுவதும் இதற்காகவே. ஓட்டுநரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். விளக்கு அதற்கு வெகு கீழே பம்பரில் அமர்கிறது. ஒளிக்கற்றை பக்கவாட்டில் அகன்று பரவும், மேலே கத்தரித்தாற்போல நின்றுவிடும். அந்த மேல்விளிம்புக்குக் கீழே சாலை, வெள்ளைக்கோடு, பாதையோரக் கற்கள். அதற்கு மேலே இருட்டு. ஐ.நா.வின் வாகன விதிகள் கார்களின் முன்பக்க ஃபாக் லைட்டைத் தரையிலிருந்து 25 செ.மீ.க்குக் குறையாமலும் 80 செ.மீ.க்கு மேற்படாமலும் பொருத்தச் சொல்கின்றன. வெள்ளை, மஞ்சள் இரண்டையும் அனுமதிக்கின்றன. கூரைமேல் வரிசையாகப் பொருத்தப்படும் விளக்குகள் பனியில் ஏன் கெடுதல் என்பது இதிலிருந்தே விளங்கும்.

துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கின்றன. ஆனால் வந்த வழியே நேர் பின்னோக்கித் திரும்பும் திசையில் மட்டும் ஒரு சிறு கூடுதல் உண்டு. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க, மலைமுகட்டில் நின்று கீழேயுள்ள மேகத்தைப் பார்த்தால், நம் நிழலின் தலையைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரிவது இதனால்தான். ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் 1894 செப்டம்பரில் இந்த ஒளிவட்டங்களைக் கண்டு மயங்கிய சி.டி.ஆர். வில்சன், அதைச் சோதனைச்சாலையில் உண்டாக்க முயன்று மேகக்கூடத்தை உருவாக்கினார். அணுத்துகள்களின் தடத்தைக் கண்ணால் காணச் செய்த அந்தக் கருவிக்கு 1927இல் நோபல் பரிசு கிடைத்தது. மலைமுகட்டில் அழகாகத் தெரியும் அதே பின்சிதறல், கண்ணுக்கருகே விளக்கு இருந்தால் ஓட்டுநருக்கு இடைஞ்சலாகிறது. விளக்கைக் கண்ணிலிருந்து விலக்கி வைப்பதற்கு இது இன்னொரு காரணம்.

இனிப் பழைய காருக்கு வருவோம். இருபது, இருபத்தைந்து வயதான கார்களின் ஃபாக் லைட்டில் பெரும்பாலும் எச்3 ஹாலஜன் பல்புதான். 55 வாட், சுமார் 1,450 லூமன். பனியில் கீழ்நோக்கி விழும் கற்றைக்கு இது தாராளம். அப்படியிருந்தும் விளக்கு மங்கலாக இருக்கிறதென்றால் பல்பைக் குறை சொல்வதற்கு முன் வயரைப் பார்க்க வேண்டும். இழைவிளக்கின் வெளிச்சம் மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4ஆவது அடுக்கில் மாறும். மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் 30 சதவீதம் போய்விடும்.

இரண்டு பல்புகளும் சேர்ந்து 110 வாட். 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்று மேல். 1 சதுர மி.மீ. செம்புக் கம்பி 5 மீட்டர் ஓடினால் கம்பியிலேயே முக்கால் வோல்ட்டுக்கு மேல் தங்கிவிடும். டாஷ்போர்டு சுவிட்சின் தேய்ந்த முனை, பச்சை பூத்த கனெக்டர், துருப்பிடித்த எர்த் ஆகியவற்றின் பங்கையும் கூட்டினால், பேட்டரியில் நல்ல மின்னழுத்தம் இருந்தும் பல்புக்குப் பத்தரை வோல்ட் போவதில் வியப்பில்லை. என்ஜின் ஓடும்போது, விளக்கு எரிகையில், பேட்டரி முனையிலும் பல்பு முனையிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் முதல் செலவு வயரிங்குக்குத்தான்.

நான்கு முனை ரிலே ஒன்று, பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து விளக்குக்கு 2.5 சதுர மி.மீ. கம்பி, பெயின்ட் சுரண்டிய தகரத்தில் இறுக்கிய புது எர்த். ரிலேயில் 30 என்ற முனைக்குப் பேட்டரி, 87க்கு விளக்கு, 85, 86 இரண்டும் சுவிட்சுக்கும் எர்த்துக்கும். சுவிட்ச் வழியாக இனிக் கால் ஆம்பியர்கூட ஓடாது. ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு ஒரு மணி நேர வேலை. பழைய காருக்கு இதைவிட நல்ல ஃபாக் லைட் மேம்பாடு எனக்குத் தெரியாது. இதைச் செய்யாமல் 100 வாட் பல்பு போடுவது ஆபத்து. மின்னோட்டம் 16 ஆம்பியரைத் தாண்டும். பழைய கம்பி சூடேறும், பிளாஸ்டிக் கூடு உருகும்.

அடுத்தது ரிஃப்ளெக்டர். அதன் பளபளப்பு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள அலுமினியப் படலம். ஈரம் புகுந்து அது கறுத்துவிட்டால் எந்த பல்பும் உதவாது. துணியால் துடைத்தால் மிச்சமுள்ள படலமும் கையோடு வரும். விளக்கை முழுதாக மாற்றுவதே வழி.

எல்.இ.டி. பல்பை ஹாலஜன் கூட்டில் செருகுவது பற்றித்தான் பலரும் கேட்கிறார்கள். ஹாலஜன் கூட்டின் வளைவு, சில மி.மீ. நீளமுள்ள ஒரு இழை குவியப்புள்ளியில் இருக்கும் என்று எண்ணி வடிக்கப்பட்டது. எல்.இ.டி. பல்பில் ஒளி ஒரு தகட்டின் இரு முகங்களில் பிறக்கிறது. இடம் ஒரு மி.மீ. பிசகினாலும் மேல்விளிம்பின் கூர்மை கெட்டு, வெளிச்சம் மேலே கசியும். கசிந்த வெளிச்சம் பனியில் நமக்குத் திரையாகும், எதிரே வருபவருக்குக் கண்கூச்சமாகும். எல்.இ.டி.தான் வேண்டுமென்றால், அதற்கென்றே லென்சோடு வடிவமைத்து, தரச்சான்று பெற்ற முழு விளக்கை வாங்குவது நல்லது. வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எந்த விளக்கைப் போட்டாலும் அதன் நோக்குத்திசையைச் சரிபார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. சமதரையில், சுவருக்கு 10 மீட்டர் முன்னால் காரை நிறுத்துங்கள். சுவரில் வெளிச்சத்தின் மேல்விளிம்பு, விளக்கின் மைய உயரத்தைவிட 20 செ.மீ. கீழே இருக்கட்டும். விளக்கு அரை மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த விளிம்பு 25 மீட்டரில் தரையைத் தொடும். ஃபாக் லைட்டின் எல்லை அவ்வளவே. ஈரச் சாலையில் 25 கி.மீ. வேகத்தில் போகிறவர் சுதாரித்து பிரேக் அடித்து நிற்க ஏறத்தாழ 16 மீட்டர் ஆகும். 40 கி.மீ. வேகத்தில் அதுவே 30 மீட்டரை நெருங்கும்.

பின்பக்கத்தைப் பற்றிப் பேச ஆளில்லை என்பது எனக்கு வருத்தம். ஐரோப்பியக் கார்களில் பின்னால் ஒரு சிவப்பு ஃபாக் லைட் கட்டாயம். சாதாரண டெயில் லைட்டைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பிரகாசமானது. நம் விளக்கு மாட்டைத் தேடிப் போய்த் திரும்ப வேண்டும். பின்விளக்கின் ஒளிக்கோ பின்னால் வரும் லாரி ஓட்டுநரின் கண்வரை ஒருவழிப் பயணம்தான். 50 மீட்டர் பார்வைத்தூரத்தில், 25 மீட்டர் பின்னால் இருப்பவரை அதன் 14 சதவீதம் போய்ச் சேரும். முன்விளக்கின் 2 சதவீதத்தோடு ஒப்பிட்டால் ஏழு மடங்கு. நம் பழைய கார்கள் பலவற்றில் அது கிடையாது. முன்னால் வயரிங் செய்யும்போதே 21 வாட் பல்புள்ள பின்விளக்கு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பிரேக் விளக்கோடு குழம்பாதபடி அதிலிருந்து குறைந்தது 10 செ.மீ. தள்ளிப் பொருத்த வேண்டும். தனி சுவிட்சும், அது எரிவதைக் காட்ட டாஷ்போர்டில் ஒரு சிறு விளக்கும் வேண்டும். பனி விலகிய பிறகும் அது எரிந்துகொண்டிருந்தால் பின்னால் வருபவருக்கு பிரேக் விளக்கு தெரியாமல் போகும்.