உப்பு தின்னும் பிறேக்குகள்

கடற்கரையோரம் வளர்ந்தவர்களுக்கு உப்புக்காற்றின் குணம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சைக்கிள் கம்பியிலும் யன்னல் கொழுக்கியிலும் கறள் ஏறுவதைப் பார்த்தே வளர்ந்தோம். கடலே இல்லாத ரொறன்ரோவிலும் அதே உப்பு மாரிதோறும் வீதியிற் கொட்டப்பட்டு, எமது வாகனங்களின் அடிப்பாகத்தை அரிக்கின்றது என்பதை நம்மிற் பலர் பட்ட பின்னரே அறிகின்றோம்.

நானும் அவ்வாறே அறிந்தேன். ஒரு பெப்ரவரி அதிகாலையில், இரவு வேலை முடிந்து திரும்புகையில், சிவப்பு விளக்கைக் கண்டு பிறேக்கை மிதித்தேன். மிதி தரைவரை இறங்கிற்று. வாகனம் சந்தியைத் தாண்டியே நின்றது. குறுக்கே எவரும் வராதது தற்செயல். பின்சில்லுக்குச் செல்லும் உருக்குக் குழாய் கறளில் துளைபட்டு, பிறேக் எண்ணெய் ஒழுகிப் போயிருந்தது. பிறேக் அமைப்பு இரு கூறாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் மற்றக் கூறு என்னைக் காப்பாற்றியது. மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் பாட் மாற்றியிருந்தேன். குழாயை எவரும் பார்க்கவில்லை. பார்க்கும்படி நானும் கேட்கவில்லை.

கறள் பிடிப்பதற்கு இரும்பும் ஈரமும் ஒட்சிசனும் போதும். உப்பு கரைந்த நீர் மின்னை நன்கு கடத்துவதால் அத்தாக்கம் விரைவடைகின்றது. கடுங்குளிரில் சாதாரண உப்பு பனியை உருக்க வலுவற்றது. ஆகையால் கல்சியம், மக்னீசியம் குளோரைட்டுக்களையும் தெளிக்கின்றனர். இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவன. காய்ந்துவிட்டதென நாம் எண்ணும் குழாயும் நனைந்தே இருக்கின்றது. மாடிக்குடியிருப்பின் வெதுவெதுப்பான நிலக்கீழ்த் தரிப்பிடம் நமக்குச் சுகம். கறளுக்கோ இன்னுஞ் சுகம். உறைநிலைக் குளிரில் மெல்ல நடக்கும் அரிப்பு அங்கு வேகங்கொள்கின்றது.

காலையில் பிறேக் தகட்டில் தெரியும் செம்மஞ்சட் படலம் கண்டு அஞ்சவேண்டாம். சில முறை மிதித்ததும் அது தேய்ந்துவிடும். அஞ்சவேண்டியது கண்ணுக்குத் தெரியாத இடங்களை. கலிப்பர் வழுக்கி நகர்வதற்கான ஆணிகள் இறுகினால், பாட் தகட்டை விட்டு விலகாது உரசிக்கொண்டேயிருக்கும். ஒரு சில்லு மட்டும் சுடுதல், கருகிய மணம், வாகனம் ஒருபக்கம் இழுத்தல் ஆகியன அதன் அடையாளங்கள். பின்பிறேக்குகளுக்கு வேலை குறைவு; ஆதலால் அவையே முதலில் இறுகும். மின்சார, ஹைபிரிட் வாகனங்களில், மோட்டரே வேகத்தைப் பெரிதும் குறைத்துவிடுவதால், பிறேக் தகடுகள் பாவனையின்றியே கறளேறுகின்றன.

வெப்பநிலை சுழியத்துக்கு மேல் ஏறும் நாட்களில் வாகனத்தின் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். கழுவியபின் உடனே நிறுத்திவிடாது, சிறிது தூரம் ஓடி, மெதுவாகப் பலமுறை பிறேக் பிடித்து ஈரத்தை உலர்த்துங்கள். ஆண்டுக்கொருமுறை, உகந்தது மாரி முடிந்த கையோடு, கலிப்பர் ஆணிகளைக் கழற்றித் துடைத்து, பிறேக்குக்கென விற்கப்படும் சிலிக்கோன் கிறீஸ் பூசச் சொல்லுங்கள். சாதாரண கிறீஸ் இறப்பர் உறைகளை ஊதச்செய்து கெடுத்துவிடும். இலையுதிர்காலத்தில் அடிப்பாகத்துக்கு எண்ணெய் தெளிப்பது நல்லதே. ஆனால் பாட்டிலோ தகட்டிலோ ஒரு துளியும் படலாகாது. பிறேக் எண்ணெயும் ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்தே அரிக்கும். பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கொருமுறை அதனை மாற்றவேண்டும்.

பழைய வாகனம் வாங்கச் செல்வோர் வெளிப்பூச்சின் பளபளப்பில் மயங்காது, பணம் கொடுக்குமுன் அதனை உயர்த்திப் பார்க்கச் செய்தல் வேண்டும். குழாய் செதில்செதிலாக உரிந்திருந்தால் மாற்றும் செலவை விலையிற் கழித்துப் பேசுங்கள். மாற்றும்போது நிக்கல் கலந்த செப்புக் குழாயைக் கேளுங்கள். உப்பு அதனை எளிதில் அரிக்காது. எனது வாகனத்துக்கு அதனையே போட்டேன்.