சமய பாட வேளையில் பிரியும் வகுப்பு

இலங்கையில் பல சமயப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் அரச பாடசாலையொன்றில் சமய பாட வேளை வந்தால் வகுப்பு கலையும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ என்றால் சைவப் பிள்ளைகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போவார்கள். ஒன்றிரண்டு முஸ்லிம் பிள்ளைகள் இருந்து, அவர்களுக்கு ஆசிரியர் இல்லையென்றால், நூலகம்தான். நாற்பது நிமிடம் கழித்துக் கணித பாடத்துக்கு எல்லோரும் திரும்பிவிடுவார்கள்.

பதினோராம் தரம் வரை சமயம் அங்கே கட்டாய பாடம். சாதாரண தரப் பரீட்சையில் தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகியவற்றுக்குச் சமமாக அதுவும் நிற்கிறது. பௌத்தம், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் ஆகிய ஐந்தில் ஒன்றை எழுத வேண்டும். பாடநூலை அரசே அச்சிட்டு இலவசமாகத் தருகிறது. சமயமே வேண்டாம் என்பவருக்கு ஆறாவது புத்தகம் கிடையாது. இந்தியாவில் முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனையே கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு. பாக்கு நீரிணையைத் தாண்டினால் கதை நேர் எதிர்.

இலங்கையின் இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் பழைய பயம். 19ஆம் நூற்றாண்டில் அரச மானியத்தின் பெரும்பகுதி கிறிஸ்தவ மிஷன் பாடசாலைகளுக்கே போனது. எழுத்துப் படிக்கப் போன பிள்ளை மதம் மாறி வீடு திரும்புமோ என்ற கவலையில்தான் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கொழும்பில் பௌத்தர்களின் ஆனந்தா கல்லூரி 1886இல் எழுந்தது. மானியம் பெறும் பாடசாலைக்குக் கால் மைலுக்குள் புதிதாக ஒன்றைத் திறந்தால் அதற்கு மானியம் இல்லை என்றொரு விதியும் பிறகு வந்தது. ஊர்களில் முதலில் இடம்பிடித்தவை பெரும்பாலும் மிஷன்கள் என்பதால், அந்த விதி யாருக்கு வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவி பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசுடைமையாக்கின. மெதடிஸ்த மிஷன் கட்டிய யாழ்ப்பாணம் வேம்படி மகளிர் பாடசாலையும் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியும் அப்படி அரசிடம் வந்தவைதான். இன்று அங்கே சைவப் பிள்ளைகள் அரசு நியமித்த ஆசிரியரிடம் சைவநெறி படிக்கிறார்கள். நாவலர் காலத்துக் கோரிக்கை அப்படியே நிறைவேறிவிட்டது.

கவனித்தால், நிறைவேறியது அந்தக் கோரிக்கை மட்டும்தான். தன் பிள்ளைக்குத் தன் சமயம் வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். பக்கத்து வாங்கில் இருப்பவனின் சமயத்தையும் சொல்லிக்கொடு என்று கேட்டவர் குறைவு. நாயன்மார் வரலாற்றை வரி பிசகாமல் எழுதும் மாணவிக்கு முஸ்லிம் தோழி ஏன் நோன்பிருக்கிறாள் என்பது அரைகுறையாகத்தான் தெரியும். அதுவும் ஒரே வகுப்பில் தோழி இருந்தால். முஸ்லிம் பாடசாலைகள் தனிப் பிரிவாக இயங்குகின்றன. ரமழானை ஒட்டிய அவற்றின் விடுமுறைகூட வேறு.

எண்ணிக்கையில் சிறுத்தவர்களின் பாடு தனி. நாலைந்து பிள்ளைகளுக்காக ஒரு சமய ஆசிரியரை நியமிப்பது அரிது. ஞாயிறு வகுப்பில் படித்துவிட்டு வந்து பரீட்சை எழுதுவார்கள். சிங்கள மொழிப் பாடசாலையில் சேர்ந்த தமிழ்ப் பிள்ளை பௌத்தம் எழுதுவதும் உண்டு.

எல்லாச் சமயங்களையும் சொல்லும் பொதுப் பாடநூல் ஒன்றைக் கொண்டுவரலாமே என்பது நல்ல யோசனைதான். ஆனால் அரசியலமைப்பின் 9ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்திருக்கும் நாட்டில், அந்த நூலில் யாருக்கு எத்தனை பக்கம் என்று சிறுபான்மையினர் கேட்டால் அதை வெறும் சந்தேகப் புத்தி என்று தள்ளிவிட முடியாது. நூல் எழுதும் குழுவில் யார் யார் உட்காருவது என்பதிலேயே முதல் இழுபறி தொடங்கும்.