ஆய்வு நல்கைகளிலும் ஒப்பந்தங்களிலும் கையொப்ப அதிகாரம்: ஒரு விளக்கம்

முன்னுரை

வெளி நிதியைச் சார்ந்த ஆய்வு ஒவ்வொன்றும் ஒரு கையொப்பத்துடன் தொடங்குகிறது. அக்கையொப்பத்தை இடுவதற்கு உரியவர் யார் என்னும் வினா பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் வழக்கத்தைக் கொண்டே தீர்க்கப்படுகிறது. அதன் சட்டநிலையையும் நடைமுறை விளைவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இரு சூழல்கள்

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதியில் 1964இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையும், ஆவடியில் பாதுகாப்புத் துறையின் போர் ஊர்தி ஆய்வு நிறுவனமும் அமைந்துள்ளன. தொழிற்பேட்டைக்கும் திருவேற்காட்டுக்கும் இடையே அயனம்பாக்கம் ஏரி உள்ளது. எடுத்துக்காட்டாக, பேராசிரியர் ஒருவர் அயனம்பாக்கம் ஏரிநீரின் தரத்தை ஆராய அரசு நல்கை பெறுவதாகவும், தொழிற்பேட்டையின் சிறு தொழிற்சாலை ஒன்று தன் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் முறையை உருவாக்கித் தருமாறு அவரை அணுகுவதாகவும் கொள்ளலாம். முன்னது நல்கை, பின்னது ஒப்பந்தம். இரண்டிலும் ஆய்வை நடத்துபவர் ஒருவரே. ஆனால் இரண்டிலும் கடப்பாட்டை ஏற்பது பல்கலைக்கழகமாகும்.

சட்டநிலை

சென்னைப் பல்கலைக்கழகம் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொது முத்திரையும் தொடர்ந்த வாழ்வும் உடைய சட்டமுறை அமைப்பாகும். அதன் சார்பில் ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் ஆட்சிக்குழுவுக்கு உரியது. துறை என்பது பல்கலைக்கழகத்தின் உறுப்பேயன்றித் தனிச் சட்ட ஆளன்று. எனவே, பேராசிரியரோ துறைத்தலைவரோ உரிய அதிகாரமின்றி இடும் கையொப்பம் தன்னளவில் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது.

இந்நிலையில் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் மூன்று பிரிவுகள் கருதத்தக்கவை. அதிகாரமின்றிச் செய்யப்பட்ட செயலைப் பின்னர் ஏற்றுக்கொள்ள 196ஆம் பிரிவு இடமளிக்கிறது. அவ்வாறு ஏற்கப்படாவிடின், அதிகாரம் உள்ளவராகத் தம்மைத் தவறாகக் காட்டிக்கொண்டவர் எதிர்த்தரப்பின் இழப்பை ஈடுசெய்ய வேண்டுமென 235ஆம் பிரிவு கூறுகிறது. ஒருவருக்கு அதிகாரம் உண்டு என்னும் நம்பிக்கையை அமைப்பே தன் சொல்லாலோ நடத்தையாலோ பிறரிடம் தோற்றுவித்திருப்பின், அதிலிருந்து அது விலக இயலாதென 237ஆம் பிரிவு உணர்த்துகிறது. ஆகவே தெளிவற்ற நடைமுறை ஆய்வாளருக்கும் பல்கலைக்கழகத்திற்கும் ஒருங்கே இடர் விளைவிக்கிறது.

நல்கையும் ஒப்பந்தமும்

நல்கையில் முதன்மையானது கணக்கு ஒப்படைப்பு. நடுவண் அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, நிதியாண்டு முடிந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் அளிக்கப்பட வேண்டும். தன்னாட்சி நிறுவனங்களுக்கான 12அ படிவத்தில் நிதிப்பிரிவின் தலைவரும் நிறுவனத் தலைவரும் கையொப்பமிடுகின்றனர்.

ஒப்பந்தத்திலோ அறிவுசார் சொத்துரிமை, வெளியீட்டு உரிமை, இழப்பீட்டுப் பொறுப்பு ஆகியன இடம்பெறுகின்றன. முடிவுகளை நிறுவனத்தின் இசைவின்றி வெளியிடலாகாது என்னும் ஒரு வரி, அத்திட்டத்தில் பணியாற்றும் முனைவர் பட்ட மாணவரின் ஆய்வேட்டையே முடக்கக்கூடும். அவ்வரியின் விளைவை ஆய்வாளர் உடனே உணர்வார். அலுவலகம் கவனியாது விடலாம். மாறாக, வரம்பற்ற இழப்பீட்டுப் பொறுப்பைச் சுமத்தும் வரியைச் சட்ட அறிவுடைய அலுவலர் காண்பார், ஆய்வாளர் கடந்துசெல்லலாம். ஒருவர் மட்டுமே படித்துக் கையொப்பமிடும் முறை போதாமைக்கு இதுவே காரணம்.

அதிகாரம் அமைய வேண்டிய இடம்

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1973இல் தொழில் ஆலோசனைக்கும் நிதியுதவி பெறும் ஆய்வுக்குமெனத் தனி மையம் ஒன்றை நிறுவி, அதனை ஒரு முதன்மையரின் பொறுப்பில் வைத்தது. ஆய்வைப் புரிந்துகொள்ளும் கல்வியாளர் ஒருவரும் ஒப்பந்தங்களைக் கையாளப் பயின்ற அலுவலகமும் ஓரிடத்தில் இணைவதே இவ்வமைப்பின் பயன்.

அதிகாரம் முழுவதும் துணைவேந்தரிடம் குவிந்திருப்பதன் குறை, அப்பதவி வெற்றிடமாகும்போது வெளிப்படுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் 2023 ஆகஸ்டில் முடிந்தபின், உயர்கல்வித் துறைச் செயலரைத் தலைவராகக் கொண்ட ஒருங்கிணைப்பாளர் குழு நிர்வாகத்தை ஏற்றது. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றிய சட்டத்திருத்தங்களுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2025 மே 21 அன்று இடைக்காலத் தடை விதித்தது. நியமன அதிகாரம் குறித்த வழக்கு ஒருபுறம் நடக்க, நல்கைகளின் காலக்கெடுக்கள் மறுபுறம் ஓடிக்கொண்டேயிருக்கும். சிறு தொழிற்சாலையின் ஒப்பந்தமும் தலைமைச் செயலகம் வரை செல்ல வேண்டுமெனில், திட்டப் பணியாளரின் ஊதியமும் மழைக்காலத்திற்குள் எடுக்க வேண்டிய நீர் மாதிரியும் காத்திருக்க நேரும்.

இதற்கான தீர்வு அதிகாரத்தை ஆய்வாளரிடமே விட்டுவிடுவதன்று. ஆட்சிக்குழு எழுத்துமூலத் தீர்மானத்தின் வாயிலாக, தொகை, ஆவணத்தின் தன்மை ஆகிய இரு அளவுகோல்களின்படி அதிகாரத்தை ஒப்படைக்க வேண்டும். வழக்கமான படிவத்தில் அமைந்த, குறித்த தொகைக்குட்பட்ட ஆவணங்களில் ஆய்வு முதன்மையரோ பதிவாளரோ கையொப்பமிடலாம். சொத்துரிமையை விட்டுக்கொடுப்பனவும் வரம்பற்ற பொறுப்பை ஏற்பனவும் ஆட்சிக்குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஒவ்வொன்றிலும் அறிவியல் பொறுப்பை ஏற்று ஆய்வாளரும், நிதிநிலையைச் சரிபார்த்து நிதி அலுவலரும் உடன் கையொப்பமிடுதல் தகும். அதிகாரம் பெயருக்கன்றிப் பதவிக்கு வழங்கப்பட வேண்டும். அப்பதவி வெற்றிடமாயின் கையொப்பமிடுபவர் யாரென்பதும் அத்தீர்மானத்திலேயே குறிக்கப்பட வேண்டும்.

முடிவுரை

ஆய்வாளரின் கையொப்பம் ஆய்வுக்கான உறுதி. பல்கலைக்கழகத்தின் கையொப்பம் கடப்பாட்டுக்கான உறுதி. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது. இரண்டும் ஆவணத்தில் இடம்பெறவும், எவர் பதவி விலகினும் பணி தடைப்படாதிருக்கவும் வழிசெய்யும் அதிகார ஒப்படைப்புத் தீர்மானமே அயனம்பாக்கம் ஏரியை ஆராயும் பேராசிரியருக்கும் அவரை நம்பிச் சேர்ந்த மாணவருக்கும் உரிய பாதுகாப்பாகும்.