கடற்கரை முதல் மலைமுகடு வரை: எர்ணாகுளத்தில் காட்டுப் பாலூட்டிகள்

மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகளில் மிளகும் ஏலமும் இஞ்சியும் பல நூற்றாண்டுகளாகக் குவிந்து, கப்பலேறிச் சென்றுள்ளன. அவை விளைந்த இடம் கடற்கரை அன்று; கிழக்கே எழுந்து நிற்கும் மலைச் சரிவுகளே அவற்றின் பிறப்பிடம். கொச்சித் துறைமுகம் மலையின் விளைபொருளால் வளர்ந்தது. துறைமுகம் வளர வளர மலைக்காடும் மாறியது. இம்மாற்றத்தின் சுமையைத் தாங்கிய உயிர்களுள் காட்டுப் பாலூட்டிகள் முக்கியமானவை. எர்ணாகுளம் மாவட்டத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்து சென்றால், உலகெங்கும் இவ்விலங்குகள் எதிர்கொள்ளும் நெருக்கடிகள் ஒவ்வொன்றையும் ஒரே மாவட்ட எல்லைக்குள் காணலாம்.

உலக நிலை

பாலூட்டிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவற்றின் மொத்த எடை உண்மை நிலையைத் தெளிவாகக் காட்டும். இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் தரைவாழ் காட்டுப் பாலூட்டிகள் அனைத்தின் எடை ஏறத்தாழ 2 கோடி டன். கடல்வாழ் பாலூட்டிகளின் எடை சுமார் 4 கோடி டன். மனித இனத்தின் எடை சுமார் 39 கோடி டன். மனிதன் வளர்க்கும் கால்நடைகளின் எடை சுமார் 63 கோடி டன். அதாவது, மனிதரும் கால்நடையும் சேர்ந்து ஐம்பது பங்கு எனில், யானை, மான், புலி, குரங்கு, எலி, வௌவால் ஆகிய தரைவாழ் காட்டு விலங்குகள் அனைத்தும் சேர்ந்து ஒரு பங்கே. வீட்டு நாய்களின் மொத்த எடை மட்டுமே காட்டு விலங்குகள் அனைத்தின் எடைக்கு ஏறத்தாழ நிகராக உள்ளது. பரந்த காடுகளுக்கு நடுவே சிதறிக் கிடந்த ஊர்கள் என்ற பழைய உலகம் மறைந்து, ஊர்களுக்கும் வயல்களுக்கும் நடுவே சிதறிய காடுகள் என்ற புதிய உலகம் உருவாகிவிட்டது.

துறைமுக முகத்துவாரம்

கொச்சித் துறைமுகத்தின் கடல்வாயில் கூனல் முதுகு ஓங்கில்கள் மூச்சுவிட மேலெழுவதை மீனவரும் படகுப் பயணிகளும் காண்பதுண்டு. கரையோரத்து ஆழங்குறைந்த நீரையும் ஆற்றுமுகத்தையும் நாடி வாழும் இனம் இது. மனிதனுக்கு மிகப் பயன்படும் நீர்ப்பரப்பே இதன் வாழிடமாக அமைந்தது இதன் இடர்ப்பாடு. கப்பல்களின் இரைச்சல், ஓயாத தூர்வாருதல், நகரக் கழிவு, செவுள் வலை ஆகியவை ஒருங்கே இதனைத் தாக்குகின்றன. மீனுக்கு விரிக்கும் வலையில் ஓங்கில் சிக்கினால், நீர்மேல் வந்து மூச்சுவிட இயலாமல் மூழ்கி இறக்கும். மீனவர் அதைக் கொல்ல எண்ணுவதில்லை. வலையும் சேதமடைவதால் அவருக்கும் இழப்பே.

இது வெறும் இரக்கம் சார்ந்த பிரச்சினை அன்று. கொச்சி, கடல் உணவு ஏற்றுமதியின் பெரிய மையம். கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் தலைமையகமும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகமும் இந்நகரிலேயே உள்ளன. அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுக் கடற்பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டம், அந்நாட்டுக்கு மீன் அனுப்பும் நாடுகளும் கடற்பாலூட்டிகளின் வலைச்சாவைத் தகுந்த முறையில் கட்டுப்படுத்த வேண்டும் எனக் கோருகிறது. ஓங்கிலின் பாதுகாப்பு இவ்வாறு மீனவர் குடும்பத்தின் வருவாயோடு பிணைந்துவிட்டது.

நகரின் நடுவே ஒரு காடு

எர்ணாகுளம் நகரின் நடுவே, கேரள உயர்நீதிமன்றத்தை அடுத்து, மங்களவனம் அமைந்துள்ளது. சதுப்பு மரங்களும் ஏரிநீரும் கொண்ட இதன் பரப்பு 2.74 எக்டேர் மட்டுமே. 2004இல் இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைகளுக்காகப் பெயர்பெற்ற இவ்விடம் வௌவால்களுக்கும் புகலிடம்.

பழந்தின்னி வௌவால் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும். ஆகவே, ஓர் ஆலமரமோ அரசமரமோ வெட்டப்படும்போது சிதறும் கூட்டம் மீண்டும் பெருக நெடுங்காலமாகும். பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்வதும், விதைகளைத் தொலைவில் விதைப்பதும் இவ்விலங்கின் பணி. எனினும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நெடுங்காலம் பழந்தின்னி வௌவால்களைத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அப்பட்டியலே நீக்கப்பட்டது.

சட்டம் மாறினாலும் அச்சம் எளிதில் மாறுவதில்லை. 2018இல் கோழிக்கோடு, மலப்புரம் பகுதிகளில் நிபா நோய் உயிர்களைப் பறித்தது. 2019இல் எர்ணாகுளத்தில் ஒருவருக்கு நிபா கண்டறியப்பட்டது. அவர் நலம் பெற்றார். நோய்க்கிருமியின் இயற்கைப் புகலிடம் பழந்தின்னி வௌவால் என்பதால் அவற்றை விரட்ட வேண்டும், மரங்களை வெட்ட வேண்டும் என்ற குரல் எழுவது இயல்பு. ஆனால் தங்குமிடத்தைக் கலைத்தால் வௌவால்கள் ஊரெங்கும் பரவி, வீட்டுத் தோட்டங்களை மேலும் நெருங்கும். வௌவால் கடித்த பழத்தை உண்ணாமையும், திறந்த கலயத்தில் இறங்கும் கள்ளையும் பதநீரையும் மூடிக் காப்பதும், தங்குமரத்தைத் தொந்தரவு செய்யாமையுமே அறிவியல் காட்டும் வழி.

மலையடிவாரத்தின் யானைகள்

கிழக்கே செல்லுந்தோறும் பிரச்சினையின் உருவம் பெரிதாகிறது. கோதமங்கலம் வட்டத்தின் குட்டம்புழை, பூயங்குட்டி, இடமலையாறு காடுகள் பெரியாற்றின் கிளையாறுகளைப் பிறப்பிக்கின்றன. வடகிழக்கே இவை பரம்பிக்குளத்தோடும் தமிழ்நாட்டின் ஆனைமலையோடும் தொடர்ந்து ஒரே யானைக்காடாக விரிகின்றன.

யானைக்கும் இம்மாவட்டத்துக்கும் உள்ள உறவு பழமையானது. பெரியாற்றங்கரையிலுள்ள கோடநாட்டில் மலையாற்றூர்க் காடுகளிலிருந்து குழியில் வீழ்த்திப் பிடித்த யானைகளைப் பழக்கிய மரக்கொட்டில்கள் இன்றும் நிற்கின்றன. 1977இல் யானை, வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டு முழுப் பாதுகாப்புப் பெற்றது. மரமிழுக்கும் உழைப்பாளியாகவும் கோயில் விழாவின் அணியாகவும் கருதப்பட்ட விலங்கு, காட்டின் உரிமையுள்ள உறுப்பினராக ஏற்கப்பட்டது. 1992இல் யானைத் திட்டம் தொடங்கியது. 2025இல் வெளியான, மரபணு ஆய்வின் அடிப்படையிலான முதல் நாடளாவிய மதிப்பீடு, இந்தியாவில் 22,446 யானைகளும் அவற்றுள் மேற்குத் தொடர்ச்சி மலையில் 11,934 யானைகளும் இருப்பதாகக் கணித்தது.

இவ்விலங்கை நெருக்கும் காரணங்கள் பலவாகும். முதலாவது, நிலம். ஆற்றங்கரைச் சமவெளிகளே யானைக்குச் சிறந்த மேய்ச்சலும் நீரும் தருபவை. அணைக்கும் குடியேற்றத்துக்கும் ஏற்றவையும் அவையே. இடமலையாறு அணையின் நீர்த்தேக்கம் 1980களில் நிறைந்தபோது பள்ளத்தாக்குக் காடு நீரில் மூழ்கியது. இரண்டாவது, உணவு. மலையாளத்தில் ‘ஈற்ற’ எனப்படும் நாணல் மூங்கில் யானையின் விருப்ப உணவு. பாய், கூடை முடைவோரின் வாழ்வுக்கும், காகித ஆலைக்கும் அதுவே மூலப்பொருளாயிற்று. 1971இல் அங்கமாலியைத் தலைமையிடமாகக் கொண்டு கேரள மாநில மூங்கில் கழகம் நிறுவப்பட்டது ஏழை நெசவாளரைக் காக்கும் நோக்கத்துடனேயே ஆகும். மூன்றாவது, தந்தம். 2015இல் இக்காடுகளில் யானை வேட்டைக் கும்பல் ஒன்று பிடிபட்டது. ஆண் யானைக்கு மட்டுமே தந்தம் உண்டாதலால், வேட்டை ஆண்களையே குறைத்து இனப்பெருக்கத்தின் சமநிலையைக் குலைக்கிறது. யானையின் கருக்காலம் ஏறத்தாழ 22 மாதங்கள். ஓர் இழப்பை ஈடுசெய்ய ஆண்டுகள் பல தேவை.

மக்களின் இழப்பு

காட்டோரத்து மக்களின் துயரத்தைக் கணக்கில் கொள்ளாத பாதுகாப்புத் திட்டம் நிலைக்காது. ஓராண்டு வளர்த்த வாழைத்தோட்டம் ஓரிரவில் அழியலாம். பாதையில் நடப்பவர் உயிரிழக்கவும் நேரலாம். குட்டம்புழையின் முதுவர், மன்னான் பழங்குடிக் குடியிருப்புகளில் சிலவற்றுக்குக் காட்டு வழியே செல்ல வேண்டியுள்ளது. நோயாளியைச் சுமந்து செல்வோருக்கும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் அதுவே பாதை. 2024 மார்ச்சில் கேரள அரசு மனித-வனவிலங்கு மோதலை மாநிலப் பேரிடராக அறிவித்தது இத்துயரத்தின் அளவை உணர்த்தும்.

எல்லா விலங்கும் குறைந்து வருவதாகவும் கருதலாகாது. மரவள்ளியும் வாழையும் கிடைக்கும் இடத்தில் காட்டுப்பன்றி பெருகுகிறது. தீங்கு விளைவிக்கும் பன்றிகளைச் சுட அனுமதிக்கும் அதிகாரம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. மெல்லப் பெருகும் யானைக்கும் விரைந்து பெருகும் பன்றிக்கும் ஒரே விதி பொருந்தாது என்பதை நிர்வாகம் உணர்ந்ததன் அடையாளம் இது.

செய்யத்தக்கவை

எல்லை தாண்டிய வால்பாறையில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. தேயிலைத் தோட்டங்களுக்கிடையே காட்டுத் துண்டுகள் சிதறிய அப்பீடபூமியில், இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் வனத்துறையும் தோட்ட நிர்வாகங்களும் இணைந்து, யானை நிற்குமிடத்தைக் கைபேசிச் செய்தியாலும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளாலும் மக்களுக்கு அறிவிக்கின்றன. யானையை அகற்றாமலே எதிர்பாராத சந்திப்புகள் தவிர்க்கப்படுகின்றன. காட்டோரத்து ஊராட்சிகளுக்கு இம்முறை ஏற்றதே. சூரியமின் வேலியும் அகழியும் பயன் தரும்; ஆனால் பராமரிப்பு இல்லாத வேலி, வேலியின்மையைவிடக் கேடு. நம்பி உறங்கும் உழவனை அது ஏமாற்றும்.

பாதைகளைப் பற்றிய முடிவுகள் அதனினும் முக்கியமானவை. ஆலுவாவிலிருந்து பூயங்குட்டி வழியாக மூணாறு சென்ற பழைய சாலை 1924 வெள்ளத்தில் அழிந்தது. அதனை மீண்டும் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை அண்மை ஆண்டுகளில் வலுத்துள்ளது. மலையூர் மக்களின் போக்குவரத்துத் தேவை நியாயமானது. எனினும், தொடர்ந்த காட்டைச் சாலை இரண்டாகப் பிளந்தால், அதன் இருமருங்கும் கடைகளும் கட்டடங்களும் எழ, யானை ஊருக்குள் தள்ளப்படும். அப்போது இழப்பைத் தாங்குபவரும் அம்மக்களே. ஆகவே, குடியிருப்புகளுக்கான மருத்துவ, கல்வி வசதியும் பாதுகாப்பான ஊர்திகளும் முதற்கண் கிடைக்க வேண்டும். சாலைத் திட்டத்தை யானைப் பாதைகளின் வரைபடத்தோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். இழப்பீடும் தாமதமின்றிச் சென்றடைய வேண்டும். பயிர் அழிந்த அடுத்த பருவத்துக்குள் பணம் வராவிட்டால் உழவனுக்கு விலங்கின்மீது வெறுப்பே எஞ்சும்.

மட்டாஞ்சேரியின் மிளகும், மங்களவனத்தின் நிழலும், கொச்சி நகரம் குடிக்கும் பெரியாற்று நீரும் கிழக்குமலைக் காட்டோடு ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டவை. அக்காட்டைக் காக்கும் செலவையும் அதன் அருகே வாழும் ஏழைகள் மட்டுமே சுமக்கக்கூடாது. அதனால் பயன்பெறும் நகரமும் பங்கேற்க வேண்டும். அவ்வாறு சுமை பகிரப்படும் நாளில்தான், ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்ட காட்டு விலங்குகளுக்கு இம்மண்ணில் உறுதியான இடம் கிடைக்கும்.